நோயோடு போராடியதை விட நம்பாதவர்களோடு போராடியதுதான் அதிகம்: ஒரு எம்.இ. நோயாளியின் அனுபவம்

எனக்கு எம்.இ. என்ற நோய் இருக்கிறது. முழுப்பெயர் மயால்ஜிக் என்செபலோமயலைட்டிஸ். மருத்துவ ஆவணங்களில் எம்.இ./சி.எஃப்.எஸ். என்று சேர்த்தே எழுதுவார்கள்; சி.எஃப்.எஸ். என்றால் க்ரானிக் ஃபடீக் சிண்ட்ரோம், அதாவது நாள்பட்ட களைப்பு நோய். இந்தப் பெயரை நான் முதன்முதலில் கேள்விப்பட்டபோது நோய் வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் வேலை போயிருந்தது, சேமிப்பில் பாதிக்கு மேல் டெஸ்டுக்கும் மருந்துக்கும் கரைந்திருந்தது, நெருங்கிப் பழகிய சிலர் போன் எடுப்பதையே நிறுத்தியிருந்தார்கள். இவற்றை எல்லாம் கூட ஒருவழியாக ஏற்றுக்கொண்டுவிட்டேன். ஏற்றுக்கொள்ள முடியாதது, ஆரம்பத்தில் உடம்பில் மிச்சமிருந்த தெம்பும் தவறான ஆலோசனையால் பறிபோனதுதான். அது எப்படிப் பறிபோனது என்று விரிவாகச் சொல்கிறேன். இதே வழியில் இப்போதுதான் காலெடுத்து வைத்திருக்கும் யாருக்காவது உதவும்.

ஆரம்பம் ஒரு வைரஸ் காய்ச்சல். காய்ச்சல் விட்டது, உடம்பு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. இதில் விசித்திரம் என்னவென்றால், எதைச் செய்தாலும் அந்த நேரத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. தலைக்குக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். மறுநாள் மதியத்துக்கு மேல்தான் அடி விழும். தொண்டை வலிக்கும், கழுத்தில் நெறி கட்டும், வெளிச்சம் கண்ணைக் குத்தும். எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள் அவர் என்ன சொல்ல ஆரம்பித்தார் என்பது மறந்துவிடும். பல் துலக்க வேண்டுமென்றால் முழங்கையை வாஷ்பேசின் விளிம்பில் ஊன்றிக்கொள்ள வேண்டும். ஊன்றாமல் கையைத் தூக்கிப் பிடிக்க முடியாது. கீழ் வரிசை முடித்து, கையை இறக்கி, மூச்சு விட்டு, அப்புறம் மேல் வரிசை. இப்படி நாலைந்து நாள் கிடப்பேன், சில சமயம் வாரக்கணக்கில். நோயாளிகள் இதை 'கிராஷ்' என்கிறோம். கந்துவட்டிக்குக் கடன் வாங்கிச் செலவழித்த கதைதான், மறுநாள் முதலும் வட்டியும் சேர்த்துக் கேட்கும்.

டாக்டர்களிடம் போனேன். ரத்தப் பரிசோதனை நார்மல், ஸ்கேன் நார்மல், ஈ.சி.ஜி. நார்மல். "ரிப்போர்ட் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, சந்தோஷப்படுங்க" என்றார் ஒருவர். இன்னொருவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். மூன்றாமவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "படுத்தே கிடந்தால் தசை எல்லாம் வீணாகிவிடும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டுங்கள். வலித்தாலும் நிறுத்தாதீர்கள்" என்று ஓர் அட்டவணை எழுதிக் கொடுத்தார். அதை அட்சரம் பிசகாமல் செய்தேன். தெருமுனை வரை நடந்து திரும்பக்கூடியவளாக அந்த அட்டவணையைத் தொடங்கினேன். அது முடிவதற்குள் படுக்கையிலிருந்து பாத்ரூமுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போகிற நிலைக்கு வந்துவிட்டேன். திரும்பப் போய்ச் சொன்னபோது, "உங்களுக்கு குணமாக வேண்டும் என்ற எண்ணம் வர வேண்டும்" என்றார். அன்று காரில் திரும்பி வரும்போது அழக்கூடத் தெம்பில்லை. என் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டர் சொல்றதுல ஏதாவது விஷயம் இருக்கும்டி" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். படித்த டாக்டர் சொல்வதா, படுத்திருக்கும் தங்கை சொல்வதா என்றால் யாருமே டாக்டர் பக்கம்தான் நிற்பார்கள்.

இப்போது எனக்குத் தெரிந்ததை அப்போது யாராவது சொல்லியிருக்க வேண்டும். அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2015ல் இந்த நோயைக் கண்டறிய எளிமையான அளவுகோல் ஒன்றை வெளியிட்டது. முன்பு செய்துவந்த வேலைகளைச் செய்ய முடியாத அளவுக்கு ஆறு மாதத்துக்கும் மேலாகக் களைப்பு, உழைப்புக்குப் பிறகு வரும் சரிவு, தூங்கி எழுந்தாலும் தீராத அசதி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். கூடவே மூளை மந்தமாவதோ, எழுந்து நின்றால் நிலைமை மோசமாவதோ ஒன்றாவது இருக்க வேண்டும். அமெரிக்காவில் இந்த நோய் உள்ளவர்களில் 84 முதல் 91 சதவீதம் பேருக்கு நோய் என்னவென்றே கண்டறியப்படவில்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அதாவது எனக்கு நடந்ததுதான் பெரும்பாலானவர்களுக்கும் நடக்கிறது.

உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ இப்படி இருக்கிறது என்று தோன்றினால், முதலில் தைராய்டு, ரத்தசோகை, தூக்கத்தில் மூச்சடைப்பு போன்ற மற்ற காரணங்களைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள். மருந்தில் சரியாகக்கூடிய ஒன்றைத் தவறவிடக் கூடாது. கூடவே ஒரு நோட்டில் இடதுபக்கம் இன்று என்ன செய்தேன் என்றும், வலதுபக்கம் நாளையும் மறுநாளும் உடம்பு எப்படி இருந்தது என்றும் எழுதுங்கள். அந்தத் தாமதம் தாளில் தெரிந்தால்தான் டாக்டருக்குப் புரியும். 'களைப்பாக இருக்கிறது' என்று மட்டும் சொன்னால் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். முன்பு என்ன செய்ய முடிந்தது, இப்போது அதில் எது முடியவில்லை, செய்தால் எத்தனை நாள் படுக்கிறேன் என்று ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி எடுத்துப் போங்கள். படுத்திருக்கும்போதும், எழுந்து பத்து நிமிடம் நிற்கும்போதும் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். பெரியவர்களுக்கு நின்றவுடன் நாடித்துடிப்பு, படுத்திருந்தபோது இருந்ததை விட நிமிடத்துக்கு 30க்கு மேல் கூடி, இறங்காமல் நின்றால், அது கையில் பிடித்துக் காட்டக்கூடிய ஓர் எண். எனக்கு அந்த ஓர் எண் வந்த பிறகுதான் பேச்சின் தொனியே மாறியது. முடிந்தால் கூட ஒருவரை அழைத்துப் போங்கள். நாம் சொல்வதை விட, கூட இருப்பவர் "ஆமா டாக்டர், மறுநாள் எழுந்திருக்கவே மாட்டாங்க" என்று சொல்வது எடுபடுகிறது. இது நியாயமில்லைதான், ஆனால் அப்படித்தான் நடக்கிறது.

இந்த நம்பாமை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டபோதுதான் எனக்குக் கோபமே வந்தது. அதுவரை வெட்கம்தான் இருந்தது. 1955ல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் கிட்டத்தட்ட 300 ஊழியர்கள் மர்ம நோயில் விழுந்தார்கள். மருத்துவமனையையே சில மாதங்கள் மூட வேண்டியிருந்தது. எம்.இ. என்ற பெயர் அதையொட்டித்தான் மருத்துவ இதழில் வந்தது. உலக சுகாதார அமைப்பு 1969ல் இதை நரம்பு மண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. மறுவருடமே, 1970ல், மெக்கெவிடி, பியர்ட் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் அந்த நோயாளிகளில் ஒருவரைக்கூட நேரில் பார்க்காமல், பழைய கேஸ் குறிப்புகளை மட்டும் படித்து, இது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். அதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, பாதிக்கப்பட்டவர்களில் பெண்கள் அதிகம் என்பது. 1980களில் ஆங்கிலப் பத்திரிகைகள் இதற்கு 'யப்பி ஃப்ளூ' என்று பெயர் சூட்டின. நன்றாகச் சம்பாதிக்கும் இளம் வெள்ளைக்காரர்களுக்கு வரும் சோம்பல் நோய் என்ற அர்த்தத்தில். லெனார்ட் ஜேசனும் அவரது குழுவினரும் சிகாகோவில் ஆயிரக்கணக்கானவர்களைத் தொலைபேசியில் தொடர்புகொண்டு ஆய்வு செய்து 1999ல் வெளியிட்ட முடிவு இதற்கு நேர் எதிராக இருந்தது. லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், கறுப்பினத்தவர், படிப்பும் வேலை வசதியும் குறைந்தவர்கள், பெண்கள், இவர்களிடம்தான் நோய் அதிகமாக இருந்தது. இத்தனை நாள் அவர்கள் கணக்கில் வராததற்குக் காரணம், அவர்களால் டாக்டரிடம் போக முடியவில்லை. போனாலும் இந்தப் பெயர் கிடைக்கும்வரை அடுத்தடுத்த டாக்டருக்குப் பணம் கட்ட முடியவில்லை. சேமிப்பு என்று ஒன்று இருந்ததால்தான் நான் இன்று நோயின் பெயரைச் சொல்லி எழுத முடிகிறது. தினக்கூலிக்குப் போகிறவருக்கு இது வந்தால் அவரைச் சோம்பேறி என்றுதான் ஊர் சொல்லும். கணக்கெடுப்பில் அவர் எங்கேயும் இருக்க மாட்டார்.

எனக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட அந்த அட்டவணைக்கும் ஒரு வரலாறு உண்டு. பிரிட்டனில் 641 நோயாளிகளை வைத்து நடத்தப்பட்ட பேஸ் என்ற ஆய்வு 2011ல் லான்செட் இதழில் வந்தது. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டுவதும் மனநல ஆலோசனையும் பலன் தருகிறது என்றார்கள். செய்தித்தாள்கள் அதை அப்படியே தலைப்பாக்கின. நோயாளிகள் உடற்பயிற்சிக்குப் பயப்படுவதுதான் பிரச்சினை என்ற பாணியில் 2015ல் மறுபடியும் செய்திகள் வந்தன. படுக்கையில் கிடந்த நோயாளிகள்தான் அந்த ஆய்வுக் கட்டுரையை வரி வரியாகப் படித்தார்கள். ஆய்வில் சேர உடல் இயக்க மதிப்பெண் நூற்றுக்கு 65 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். முடிவில் 60 இருந்தாலே 'இயல்பான அளவு' என்று எடுத்துக்கொண்டார்கள். அதாவது 65ல் உள்ளே வந்து 60க்கு இறங்கியவரும் இயல்பானவர் ஆகிவிடுவார். நோயாளிகள் மூலத் தரவைக் கேட்டார்கள். தர மறுத்தார்கள். 2016ல் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகுதான் தரவு வெளியே வந்தது. பேஸ் ஆய்வாளர்கள் முதலில் தாங்களே அறிவித்திருந்த அளவுகோலை வைத்து வேறு சிலர் மறுபடி கணக்கிட்டு 2018ல் வெளியிட்டபோது, அந்தச் சிகிச்சைகளைப் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் குணமடைதலில் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. டேவிட் டுல்லர் என்ற பத்திரிகையாளர் 2015லிருந்து இதை விடாமல் எழுதியது பெரிய பலமாக இருந்தது. அவருடைய பணிக்கு நோயாளிகளே பணம் திரட்டிக் கொடுத்தார்கள். கடைசியில் 2021 அக்டோபரில் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கக் கூடாது என்று வழிகாட்டுதலை மாற்றியது. இதையெல்லாம் ஒரே ராத்திரியில் படிக்க முடியாது என்பதால், இருட்டறையில் போன் வெளிச்சத்தைக் குறைத்து வைத்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். மாற்றம் வந்துவிட்டது, ஆனால் எனக்கு எழுதிக் கொடுத்தவர் கைக்கு வந்து சேரவில்லை. அதனால் யாராவது உங்களுக்குப் படிப்படியான பயிற்சியைச் சொன்னால், 2021 நைஸ் வழிகாட்டுதலின் பெயரைச் சொல்லி, அதை ஒருமுறை பார்க்கச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

இப்போது நான் செய்வது பேஸிங். களைப்பு வருவதற்கு முன்பே நிறுத்திவிடுவது. காய்கறி நறுக்குவதை உட்கார்ந்து செய்வேன், குளிப்பதும் ஸ்டூலில் உட்கார்ந்துதான். கையில் நாடித்துடிப்பு காட்டும் வாட்ச் கட்டியிருக்கிறேன், அது ஏறினால் படுத்துவிடுவேன். நல்ல நாளில்தான் அதிக ஜாக்கிரதை வேண்டும், ஏனென்றால் தேங்கிக் கிடக்கும் வேலை எல்லாம் அன்றைக்குத்தான் கண்ணில் படும். பேஸிங் நோயைக் குணப்படுத்தாது. இந்த நோயைக் குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை, குணப்படுத்துகிறோம் என்று காசு கேட்பவர்கள்தான் நிறைய. ஆனால் பேஸிங் மேலும் கீழே விழாமல் பிடித்துவைக்கிறது.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். மருத்துவ விடுப்புப் படிவத்தில் 'குணமடையும் உத்தேசத் தேதி' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பாமல் படிவத்தை வாங்க மாட்டார்கள். டாக்டர் மூன்று மாதம் தள்ளி ஒரு தேதி போட்டார். அந்தத் தேதி வந்த அன்றிலிருந்து அலுவலகக் கணக்கில் நான் ஆரோக்கியமானவள், வேலைக்கு வராமல் இருப்பவள். சம்பளமில்லா விடுப்பு, விளக்கக் கடிதம், கடைசியில் நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் மரியாதையாகப் போகும் என்ற பேச்சு. இன்சூரன்ஸ் தரப்பில் பரிசோதிக்க வந்தவர் என்னை இருபது நிமிடம் பார்த்துவிட்டு, தெளிவாகப் பேசுகிறார், நேர்த்தியாக உடுத்தியிருக்கிறார் என்று எழுதினார். அந்த இருபது நிமிடத்துக்குப் பிறகு நான் கிடந்த கிடப்பை எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லை. ஆகவே இதில் போகிறவர்கள், எந்தப் பரிசோதனைக்குப் போனாலும் அதற்குப் பிந்தைய நாட்களின் குறிப்பையும் கூடவே எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தோ மெயிலோ வாங்கிக்கொள்ளுங்கள். டாக்டர் சான்றிதழில் நோயின் பெயர் மட்டும் போதாது. எவ்வளவு நேரம் உட்கார முடியும், இன்று செய்ததை நாளையும் செய்ய முடியுமா, நிலைமை எப்போது மறுபரிசீலனை செய்யப்படும் என்று எழுதச் சொல்லுங்கள். குணமாகும் தேதி இருக்க வேண்டிய இடத்தில் மறுபரிசீலனைத் தேதி போடச் சொல்வது பெரிய வித்தியாசம். போனில் பேசியதை அன்றே மெயிலில் எழுதி அனுப்பிவிடுங்கள். ராஜினாமாக் கடிதம் கேட்டால் உடனே கொடுக்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்து வேலை, குறைந்த நேர வேலை என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். ஐ.நா.வின் 2006 மாற்றுத்திறனாளிகள் உரிமை ஒப்பந்தம், நீண்டகாலக் குறைபாட்டோடு சமூகம் போடும் தடைகளும் சேர்ந்துதான் ஒருவரை முடக்குகின்றன என்று சொல்கிறது. படிவத்தின் அந்தக் கட்டம் எனக்கு அப்படி ஒரு தடை.

ஊடக அனுபவத்தையும் சொல்லியாக வேண்டும். தெரிந்தவர் மூலம் ஒரு நிருபர் வந்தார். நல்ல மனிதர்தான். நெடுநேரம் பேசினேன். பேசியதற்கு ஒரு வாரம் படுத்தேன். கட்டுரை வந்தபோது மேலே மேஜையில் தலைவைத்துக் கொட்டாவி விடும் ஒரு மாடலின் படம். கட்டுரையின் கடைசிப் பத்தியில் ஒரு நிபுணர், சத்தான உணவும் நடைப்பயிற்சியும் நேர்மறை எண்ணமும் இருந்தால் போதும் என்று சொல்லியிருந்தார். உறவுக்காரர்கள் அந்தக் கடைசிப் பத்தியை மட்டும் எனக்கே அனுப்பிவைத்தார்கள். அன்று பட்ட அவமானம் இன்னும் ஆறவில்லை. அதற்காகப் பேசவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பேசியவர்களால்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். பேசும் முன் சிலவற்றைக் கேட்டு வாங்குங்கள்: என்ன படம் போடுவீர்கள், வேறு யாரிடம் கருத்துக் கேட்கிறீர்கள், நான் சொன்னதை மட்டுமாவது அச்சுக்கு முன் படித்துக் காட்டுவீர்களா. கேள்விகளை முன்கூட்டியே அனுப்பச் சொல்லி, துண்டு துண்டாக வாய்ஸ் மெசேஜில் பதில் சொல்லலாம். முகவரி, வேலை செய்த இடம் எதையும் கொடுக்காதீர்கள். செலவழித்த பணத்தையும் அழுத கதையையும் சொல்வதோடு நிறுத்தாமல், உழைப்புக்குப் பிறகு வரும் சரிவை இரண்டே வாக்கியத்தில் தயாராக வைத்திருந்து, அதைத் தவறாமல் போடச் சொல்லுங்கள். கட்டுரையில் தவறு வந்தால் குழுவாகச் சேர்ந்து ஒரே கடிதம் எழுதுங்கள். தனியாக எழுதினால் கோபக்கார நோயாளி என்று ஒதுக்கிவிடுவார்கள்.

குழு என்று சொன்னேன். நான் தனியாக இல்லை என்று தெரிந்தது அங்கேதான். 'மில்லியன்ஸ் மிஸ்ஸிங்' என்று 2016ல் பல நாட்டு நகரங்களில் நடந்த போராட்டத்தின் படங்களை ஒருவர் எனக்கு அனுப்பினார். வர முடியாதவர்கள் தங்கள் செருப்புகளையும் ஷூக்களையும் அனுப்பியிருந்தார்கள். வரிசை வரிசையாகக் காலணிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. அதைப் பார்த்துத்தான் நோய் வந்த பிறகு முதன்முறையாக நிம்மதியாக அழுதேன். கொரோனாவுக்குப் பிறகு நோயாளிகள் ஒன்றுசேரும் இந்த வேலை இன்னும் வேகம் பிடித்தது. 'லாங் கோவிட்' என்ற பெயரையே 2020 மே மாதம் எலிசா பெரெகோ என்ற நோயாளிதான் முதலில் பயன்படுத்தினார். நோயாளிகளே நடத்திய ஆய்வு ஒன்று 56 நாடுகளைச் சேர்ந்த 3,762 பேரிடம் கேட்டு, 203 அறிகுறிகளைப் பதிவுசெய்து 2021ல் வெளியிட்டது. அவர்களில் பலருக்கு எங்களுக்கு இருக்கும் அதே சரிவு இருக்கிறது. புதிதாக வந்தவர்களுக்குப் பழைய நோயாளிகள் சொன்ன முதல் வார்த்தை, தயவுசெய்து படுங்கள் என்பதுதான்.

குழுவில் சேரும்போது, மருந்தோ பானமோ விற்பவர்களை நிர்வாகி வெளியேற்றுகிறாரா என்று பாருங்கள். பதில் போட முடியாத நாளில் போட வேண்டாம் என்று இருக்கிற குழுவாகப் பாருங்கள். எங்கள் குழுவில் மிகவும் முடியாத ஒருவர் ஒரு புள்ளி மட்டும் வைப்பார், இன்றைக்கு இருக்கிறேன் என்று அர்த்தம். புள்ளி வராவிட்டால் அவர் வீட்டாருக்கு போன் செய்ய ஒருவர் பொறுப்பு. இந்த மாதிரி ஏற்பாடு எந்தக் குழுவிலும் செய்யலாம், பத்து பைசா செலவில்லை.

உங்களுக்குத் தெரிந்த யாராவது இப்படிப் படுத்திருந்தால், "ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க" என்று விட்டுவிடாதீர்கள். என்ன வேண்டும் என்று யோசித்துச் சொல்வதற்கே தெம்பு வேண்டும். "வியாழக்கிழமை வர்றேன், துணி துவைச்சுப் போட்டுட்டு, பேசாம கிளம்பிடுறேன், சரியா?" என்று கேளுங்கள். அதற்கு ஆமாம், இல்லை என்று தலையசைத்தால் போதும். சென்ட் அடித்துக்கொள்ளாமல் வாருங்கள், மெதுவாகப் பேசுங்கள், பெரிய விளக்கைப் போடாதீர்கள். டாக்டரிடம் போகும் நாளில் கூட வர முடியுமென்றால் அந்த நோட்டை வாங்கி முந்தின ராத்திரியே படித்துவிட்டு வாருங்கள். என் அக்கா இப்போது அப்படித்தான் வருகிறாள்.